கார்பெண்டர்ஸ் தொகுப்புகளில் எதை வாங்கலாம்? அதே பாட்டு ஏன் வேறு மாதிரி கேட்கிறது?

நீங்கள் கேட்டதைச் சுருக்கினால் இதுதான்: கார்பெண்டர்ஸ் என்ற அமெரிக்க அண்ணன் தங்கை இசை ஜோடியின் சிறந்த பாடல்கள் அடங்கிய தொகுப்பு ஒன்றை வாங்கலாம் என்று தேடினால் ‘தி சிங்கிள்ஸ் 1969–1973’, ‘தி சிங்கிள்ஸ் 1969–1981’, ‘கோல்டு’, ‘யெஸ்டர்டே ஒன்ஸ் மோர்’ என்று வரிசையாக வருகிறது, பாடல் பட்டியல் எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒன்றுதான், எதை எடுப்பது? கூடவே போகிற போக்கில் இன்னொன்றும் எழுதியிருந்தீர்கள். சின்ன வயதில் எல்பி இசைத்தட்டில் கேட்ட ‘டிக்கெட் டு ரைடு’ பாட்டும் இப்போது இசைச் செயலியில் வருவதும் ஒன்று மாதிரி இல்லையே, இது பிரமையா என்று. எனக்கு இரண்டாவதுதான் முக்கியமான கேள்வியாகப் படுகிறது. அதற்குப் பதில் தெரிந்துவிட்டால் எதை வாங்குவது என்பது தானாகத் தெளிவாகிவிடும்.

பிரமை இல்லை. உங்கள் காது சரியாகத்தான் கேட்டிருக்கிறது. பழைய காந்த நாடாக்களில் இருக்கும் பாடல்களை டிஜிட்டலுக்கு மாற்றும் வேலையில் பல வருஷம் இருந்தவன் என்பதாலும், இந்த அண்ணன் தங்கையின் பாடல்களை அதைவிட நீண்ட காலமாகக் கேட்டு வருபவன் என்பதாலும் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். பெரும்பாலான பாடகர்களின் தொகுப்புகளை ஒப்பிடும்போது எந்தப் பாட்டு இருக்கிறது, எது இல்லை என்று பார்த்தால் போதும். கார்பெண்டர்ஸ் விஷயத்தில் அது போதாது. ஒரே பெயரில் இருக்கும் பாட்டு ஒரு தொகுப்பில் ஒரு விதமாகவும் இன்னொன்றில் வேறு விதமாகவும் இருக்கும். அட்டையின் பின்பக்கப் பட்டியலைப் பார்த்து இதைக் கண்டுபிடிப்பது கடினம்.

இதற்குக் காரணம் அண்ணன் ரிச்சர்ட் கார்பெண்டர். பியானோ, இசைக்கோப்பு, குரல் அடுக்குகள் எல்லாம் அவர் பொறுப்பு; தங்கை கேரன் பாடினார், டிரம்ஸும் வாசித்தார். 1969ல் ஏ அண்ட் எம் இசைத்தட்டு நிறுவனத்தில் சேர்ந்தார்கள். அடுத்த வருஷம் ‘க்ளோஸ் டு யூ’ அமெரிக்காவில் முதலிடத்துக்குப் போனது. 1983 பிப்ரவரி 4ஆம் தேதி கேரன் இறந்தார். அப்போது அவருக்கு 32 வயது. அதற்குப் பிறகு புதிதாகப் பாட ஆள் இல்லை. ஆனால் பாடிவைத்த நாடாக்கள் இருந்தன. ரிச்சர்ட் பல ஆண்டுகளாக அந்த நாடாக்களுக்குத் திரும்பத் திரும்பப் போய், பழைய பாடல்களை மறுபடி கலந்து, சில இடங்களில் தன் பியானோவையே புதிதாக வாசித்துச் சேர்த்து வெளியிட்டு வந்தார். அதனால்தான் இத்தனை வடிவங்கள்.

இங்கே ரீமாஸ்டர், ரீமிக்ஸ் என்ற இரண்டையும் பிரித்துப் புரிந்துகொள்ள வேண்டும். கடைகளிலும் விமர்சனங்களிலும் இரண்டையும் ஒன்றாகக் குழப்புகிறார்கள். கலந்து முடித்த இரண்டு தட ஸ்டீரியோ நாடாவை எடுத்து, அதன் ஒலி அளவையும் கூர்மையையும் கனத்தையும் சரிசெய்து புதிய தட்டுக்குத் தயார் செய்வது ரீமாஸ்டர். அதற்கும் முந்தைய நிலையில், குரல் ஒரு தடம், பாஸ் ஒரு தடம், டிரம்ஸ் ஒரு தடம் என்று தனித்தனியாக இருக்கும் மல்டிட்ராக் நாடாவுக்கே போய், எது எவ்வளவு சத்தமாக, எந்தப் பக்கத்தில், எவ்வளவு எதிரொலியோடு கேட்க வேண்டும் என்று மறுபடி முதலிலிருந்து தீர்மானிப்பது ரீமிக்ஸ். வீட்டுக்குப் புது வெள்ளை அடிப்பதற்கும் உள்சுவரை நகர்த்திக் கட்டுவதற்கும் உள்ள வித்தியாசம் அது. ரீமாஸ்டர் நன்றாக இருந்தால் பழைய பாட்டு இன்னும் தெளிவாகக் கேட்கும். ரீமிக்ஸ் எவ்வளவு நன்றாக இருந்தாலும் பாட்டே கொஞ்சம் மாறிவிடும்.

இனி உங்கள் ‘டிக்கெட் டு ரைடு’. பீட்டில்ஸ் பாட்டை மெதுவான சோகப் பாட்டாக மாற்றிப் பாடியது இது. இவர்களின் முதல் ஆல்பம் 1969ல் ‘ஆஃபரிங்’ என்ற பெயரில் வந்து, பெரிதாக விற்காமல், பிறகு இந்தப் பாட்டின் பெயரிலேயே மறுபடி வெளியானது. அந்தப் பதிவில் பாடும் கேரனுக்கு வயது 19. 1973ல் வெற்றிப் பாடல்களைத் தொகுக்கும் வேலை வந்தபோது ரிச்சர்டுக்குப் பழைய பதிவில் திருப்தி இல்லை. கேரனை மறுபடி பாடவைத்தார். ஆகவே முதல் ஆல்பத்தில் இருப்பதும் ‘தி சிங்கிள்ஸ் 1969–1973’ தொகுப்பில் இருப்பதும் வெவ்வேறு குரல் பதிவுகள். முதலாவதில் ஒரு இளம்பெண் குரலை முயன்று பார்க்கிறாள். இரண்டாவதில் தன் தாழ்ந்த சுருதியின் பலம் தெரிந்த பாடகி பாடுகிறார். எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும். ஆனால் அந்த இளம் குரலில் ஒரு தயக்கம் இருக்கிறது, பாட்டின் சோகத்துக்கு அது பொருந்துகிறது என்று சொல்பவர்களோடு நான் சண்டைக்குப் போகமாட்டேன்.

‘டாப் ஆஃப் தி வேர்ல்டு’ பாட்டுக்கும் இதே கதைதான். 1972ல் ‘எ சாங் ஃபார் யூ’ ஆல்பத்தில் வந்தபோது இது சாதாரண ஆல்பம் பாட்டு. சிங்கிளாக, அதாவது தனிப்பாட்டுத் தட்டாக, வெளியிடும் எண்ணமே அவர்களுக்கு இல்லை. லின் ஆண்டர்சன் என்ற கன்ட்ரி (அமெரிக்கக் கிராமிய பாணி இசை) பாடகி அதைப் பாடி அமெரிக்க கன்ட்ரி பட்டியலில் பெரிய வெற்றி பெற்ற பிறகுதான் தாங்களும் சிங்கிளாக வெளியிட முடிவு செய்தார்கள். அப்போது கேரன் முதன்மைக் குரலைப் புதிதாகப் பாடினார். 1973 கடைசியில் முதலிடத்துக்குப் போனது அந்த வடிவம். தொகுப்புகளில் பொதுவாக வருவதும் அதுதான். ‘எ சாங் ஃபார் யூ’ ஆல்பத்தை அதன் பழைய வடிவில் கேட்டால் முதலில் பாடியது கிடைக்கும்.

இந்த இரண்டிலும் நடந்தது கேரன் உயிரோடிருந்த காலத்து மாற்றம், அதனால் குரலே மாறியது. 1983க்குப் பிறகு நடந்த ரீமிக்ஸ்களில் கேரனின் குரல் எப்போதோ பாடிய அதே பதிவுதான். மாறுவதெல்லாம் குரலைச் சுற்றியுள்ளவை: எதிரொலியின் தன்மை, டிரம்ஸின் கனம், வயலின்கள் நிற்கும் இடம், பியானோ. ஒப்பிட்டுக் கேட்கும்போது இதை நினைவில் வைத்திருந்தால் எங்கே காது கொடுக்க வேண்டும் என்பது தெரிந்துவிடும்.

சரி, தொகுப்புகளுக்கு வருகிறேன். ‘தி சிங்கிள்ஸ் 1969–1973’ வெளிவந்தது 1973 நவம்பரில். அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் முதலிடம். பிரிட்டனில் இடைவெளி விட்டு மொத்தம் 17 வாரம் முதலிடத்தில் இருந்தது. பாடல்கள் 12தான். இன்றைய கணக்கில் ரொம்பக் குறைவு. ஆனாலும் யாராவது ஒன்றே ஒன்று சொல்லுங்கள் என்றால் நான் சொல்வது இதைத்தான். காரணம், இது வெறும் தொகுப்பாகச் செய்யப்படவில்லை. தட்டு ஆரம்பிக்கும்போது ‘க்ளோஸ் டு யூ’ பாட்டின் ஒரு சிறு துண்டு கேட்கும். அதிலிருந்து ‘வீவ் ஓன்லி ஜஸ்ட் பிகன்’ தொடங்கும். அந்தத் துண்டுக்கு உரிய முழுப்பாட்டு தட்டின் கடைசியில்தான் வரும். நடுவில் ‘சூப்பர்ஸ்டார்’, ‘ரெய்னி டேஸ் அண்ட் மண்டேஸ்’, ‘குட்பை டு லவ்’ மூன்றும் இடைவெளி இல்லாமல் ஒன்றோடொன்று இணைக்கப்பட்டிருக்கின்றன. மூன்றும் தனிமையைப் பற்றிய பாடல்கள். தனித்தனியாக ரேடியோவில் கேட்டால் மூன்று வெற்றிப் பாடல்கள், அவ்வளவுதான். இங்கே ஒன்றிலிருந்து ஒன்றாகத் தொடரும்போது ஒரே நீண்ட துயரமாக மாறி, ‘குட்பை டு லவ்’ முடிவில் டோனி பெலூசோவின் கரகரத்த மின் கிதார் வந்து மொத்தத்தையும் வெடிக்க வைக்கிறது. மென்மையான பாட்டில் அப்படி ஒரு கிதாரை வைத்ததற்கு 1972ல் ரசிகர்களிடமிருந்து கோபக் கடிதங்கள் வந்தன. அந்த முடிவுக்கு இவ்வளவு நேரம் காத்திருந்து போய்ச் சேர்வது இந்தத் தட்டில் மட்டும்தான் நடக்கிறது. செயலியில் பாடல்களைக் கலைத்துப் போட்டுக் கேட்டால் இணைப்புகள் பாதியில் அறுந்தது போல் ஒலிக்கும். அதனால் இதை வரிசையாகவே கேளுங்கள்.

இதன் குறை வெளிப்படையானது: 1973க்குப் பிறகு எதுவும் இல்லை. ‘ப்ளீஸ் மிஸ்டர் போஸ்ட்மேன்’ இல்லை, ‘ஒன்லி யெஸ்டர்டே’ இல்லை, ‘சாலிட்டேர்’ இல்லை. பிரிட்டனில் 1978ல் ‘தி சிங்கிள்ஸ் 1974–1978’ என்று இரண்டாம் பாகம் போட்டார்கள், அங்கே இரண்டாம் இடம் வரை போனது. பாடல்கள் நல்லவைதான், ஆனால் முதல் பாகத்தில் இருந்த அந்தக் கோர்வை இதில் இல்லை. இரண்டையும் சேர்த்து வைத்திருந்தால் அந்தப் பத்தாண்டு முழுவதும் கையில் இருக்கும்.

‘யெஸ்டர்டே ஒன்ஸ் மோர்’ தொகுப்பு எண்பதுகளின் நடுவில் வந்தது. சிடிக்காக ரிச்சர்ட் பல பாடல்களை ரீமிக்ஸ் செய்யத் தொடங்கிய காலம் அது. நாடாவின் இரைச்சல் குறைந்திருக்கும், இசைக்கருவிகள் பிரிந்து கேட்கும். கூடவே எண்பதுகளின் நீண்ட, பளபளப்பான எதிரொலியும் வந்து சேர்ந்திருக்கும். இங்கே ஒரு எச்சரிக்கை: இது என் காதின் தீர்ப்பு, அளந்து நிரூபித்த விஷயமல்ல. எழுபதுகளின் கலவையில் கேரன் நமக்குப் பக்கத்தில் நின்று பாடுகிறார். இந்த வடிவங்களில் அவர் சற்றுப் பெரிய அறைக்குள் போய்விடுகிறார். ரீமிக்ஸ்களையே கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதற்கு நேர்மாறாகத் தோன்றலாம். பழைய கலவை அவர்களுக்கு அடைத்த மாதிரி இருக்கும்.

‘தி சிங்கிள்ஸ் 1969–1981’ ஒரே தட்டில் முழுக் கதையையும் சொல்ல முயல்வது. வசதியானது. 1981ல் வெளியான ‘டச் மீ வென் வீ ஆர் டான்சிங்’ வரை வந்துவிடும். ஆனால் இதில் ரீமிக்ஸ்களின் ஆதிக்கம் அதிகம். 1973 தொகுப்பின் நீட்டிக்கப்பட்ட பதிப்பு என்று பெயரைப் பார்த்து நினைத்துவிடாதீர்கள். அந்த இணைப்புகளும் இதில் கிடையாது. 2004ல் இதையே எஸ்ஏசிடி (சூப்பர் ஆடியோ சிடி) வடிவத்தில், பல ஸ்பீக்கர்களில் சூழ்ந்து கேட்கும் கலவையோடு வெளியிட்டார்கள். அதற்கேற்ற கருவி உங்களிடம் இருந்தால் அதைத் தவறவிடாதீர்கள். இவர்களின் பின்னணிக் கோரஸ் என்பது பெரும்பாலும் வேறு யாரையும் வைத்துப் பாடியது அல்ல. அண்ணனும் தங்கையும் ஒவ்வொரு பகுதியையும் மறுபடி மறுபடி பாடி அடுக்கியது. இரண்டு ஸ்பீக்கரில் அது ஒரு திரை மாதிரி பின்னால் நிற்கும். சூழொலியில் அந்த அடுக்குகளுக்கு நடுவே உட்கார்ந்து கேட்கலாம். ரீமிக்ஸ் என்ற கருத்தையே எதிர்ப்பவர்கள்கூட இங்கே கொஞ்சம் இளகிவிடுவார்கள் என்று நினைக்கிறேன்.

‘கோல்டு’ பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. 35ஆம் ஆண்டையொட்டி 2004ல் வந்த பதிப்பு 2 சிடி, 40 பாடல். எண்ணிக்கையும் விலையும்தான் முக்கியம் என்றால் இதுவே போதும். காரில் போட்டுக் கேட்க நல்லது.

தொகுப்பு என்ற வழியையே விட்டு மூல ஆல்பங்களுக்குப் போகலாமா என்றும் யோசித்துப் பாருங்கள். 1998 முதல் ‘ரீமாஸ்டர்டு கிளாசிக்ஸ்’ என்ற பெயரில் ஆல்பங்கள் ஒவ்வொன்றாக மறுபடி வந்தன. அவற்றில் பெரும்பாலும் பழைய கலவைகளையே திரும்பக் கொடுத்தார்கள். இந்த விஷயத்தில் நடந்த மிக நல்ல காரியம் என்று இதைத்தான் சொல்வேன். ‘க்ளோஸ் டு யூ’, ‘கார்பெண்டர்ஸ்’, ‘எ சாங் ஃபார் யூ’, ‘நவ் அண்ட் தென்’, ‘ஹொரைசன்’ இந்த ஐந்தையும் அந்த வரிசையில் வாங்கினால் முக்கியமான பாடல்களில் பெரும்பாலானவை, மக்கள் முதலில் கேட்ட உருவத்துக்கு மிக நெருக்கமாகக் கையில் இருக்கும். ‘யெஸ்டர்டே ஒன்ஸ் மோர்’ பாட்டை ‘நவ் அண்ட் தென்’ ஆல்பத்தில் கேட்டால்தான் அதன் முழு அர்த்தம் விளங்கும். பழைய ரேடியோ பாடல்களை நினைத்து ஏங்கும் அந்தப் பாட்டு முடியும்போது வண்டி எஞ்சின் உறுமும் சத்தம் வந்து, உடனே அறுபதுகளின் பாடல்களை வரிசையாகக் கோத்த நீண்ட பாட்டுத் தொடர் தொடங்கும். தொகுப்புகளில் இருக்கும் சிங்கிள் வடிவத்தில் ஏக்கம் மட்டும் இருக்கிறது. எதற்காக ஏங்கினார்களோ அது வருவதில்லை.

எந்த வடிவம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? சில தொகுப்புகளின் உள்ளே இருக்கும் சிறு புத்தகத்தில் ரீமிக்ஸ் ஆண்டு அச்சிட்டிருப்பார்கள். 1985, 1987, 1991 போன்ற ஆண்டுகள் கண்ணில் படும். அப்படி இருந்தால் சந்தேகமே வேண்டாம். ஆண்டு போடவில்லை என்பதற்காக அது பழைய கலவை என்று முடிவு கட்டவும் வேண்டாம். அட்டையில் ‘ரீமாஸ்டர்’ என்று இருந்தால் அது கலவையைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. ரீமிக்ஸ் செய்ததையும் பிறகு ரீமாஸ்டர் செய்யலாம். செயலிகளில் பாட்டின் பக்கத்தில் இருக்கும் வருஷத்தை நம்பவே வேண்டாம். நாட்டுக்கு நாடு பதிப்புகளும் மாறுகின்றன. எனவே கடைசி நீதிபதி காதுதான். ஒரு நல்ல ஹெட்ஃபோன் போட்டு, ஒரே பாட்டை இரண்டு தட்டுகளிலிருந்து எடுத்து, ஒலி அளவைச் சமமாக்கிக்கொண்டு முதல் அரை நிமிஷத்தை மாற்றி மாற்றிக் கேளுங்கள். ஒலி அளவைச் சமமாக்குவது முக்கியம். சற்றுச் சத்தமாக இருப்பது எப்போதும் நன்றாக இருப்பதாகத் தோன்றும். பியானோ எந்தப் பக்கம், வார்த்தை முடிந்த பிறகு எதிரொலி எவ்வளவு நேரம் தொங்குகிறது என்ற இரண்டையும் கவனித்தாலே போதும்.

ரிச்சர்ட் இப்படி மாற்றியது சரியா என்ற விவாதம் ரசிகர்களிடையே ஓயாதது. அவர்தான் இசையை உருவாக்கியவர், அவருக்கு உரிமை உண்டு. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பழைய கலவைகளில் சில அவசரமாகச் செய்யப்பட்டவை என்பதும் காதுக்குத் தெரிகிறது. என் மனத்தாங்கல் ஒன்றுதான்: எது எந்த வடிவம் என்று அட்டையில் தெளிவாகப் போட்டிருக்க வேண்டும். ‘சூப்பர்ஸ்டார்’ பாட்டில் நாம் கேட்கும் குரல், மற்ற வாத்தியக்காரர்களுக்கு வழிகாட்டுவதற்காக கேரன் பாடிய முதல் முயற்சியே என்று ரிச்சர்ட் சொல்லியிருக்கிறார். திருத்திப் பாடத் தேவையே படவில்லை. அப்படிப்பட்ட குரலைச் சுற்றி எது அன்று இருந்தது, எது பின்னால் வந்தது என்பதைக் கேட்பவர் தெரிந்துகொள்ள வேண்டாமா?

இவற்றையெல்லாம் கேட்டு முடித்த பிறகு இரண்டு தட்டுகள். 1994ல் வந்த ‘இன்டர்பிரிடேஷன்ஸ்’ தொகுப்பில் ‘ட்ரையிங் டு கெட் தி ஃபீலிங் அகெய்ன்’ என்ற பாட்டு இருக்கிறது. 1975ல் பதிவு செய்து ஒதுக்கிவைத்தது. கூர்ந்து கேட்டால் கேரன் தன் முன்னால் இருக்கும் தாளைப் புரட்டும் ஓசை கேட்கும். அதை அழிக்காமல் விட்டிருக்கிறார்கள், நல்லவேளை. இன்னொன்று 2018 டிசம்பரில் ராயல் ஃபில்ஹார்மோனிக் இசைக்குழுவோடு சேர்த்து வெளியிட்டது. கேரனின் பழைய குரலோடு லண்டன் அபே ரோடு ஸ்டுடியோவில் புதிதாக இசைக்குழு வாசித்துச் சேர்த்தார்கள். குரல் மிகச் சுத்தமாக இருக்கிறது. ஆனால் முதல் தட்டாக இதை வாங்காதீர்கள், மூலம் காதில் ஊறிய பிறகு கேட்டால்தான் ரிச்சர்ட் என்ன செய்திருக்கிறார் என்பது பிடிபடும்.

ஆகவே உங்களுக்கு: முதலில் ‘தி சிங்கிள்ஸ் 1969–1973’. உங்கள் நினைவில் இருக்கும் எல்பி எது என்பதையும் அதிலேயே கண்டுபிடித்துவிடலாம். ‘டிக்கெட் டு ரைடு’ அதில் இருப்பது போலவே நினைவில் இருந்தால் வீட்டில் இருந்தது அந்தத் தொகுப்பாக இருக்கவே வாய்ப்பு அதிகம், இன்னும் மெலிந்த இளம் குரலாக நினைவிருந்தால் முதல் ஆல்பம். அப்புறம் ‘ஹொரைசன்’ ஆல்பத்தை ரீமாஸ்டர்டு கிளாசிக்ஸ் பதிப்பில் வாங்குங்கள், ‘ஒன்லி யெஸ்டர்டே’, ‘சாலிட்டேர்’, ‘ப்ளீஸ் மிஸ்டர் போஸ்ட்மேன்’ மூன்றும் அதில் வந்துவிடும். கிறிஸ்துமஸ் பாடல்களும் வேண்டும் என்று கடைசி வரியில் கேட்டிருந்தீர்கள். ‘கிறிஸ்துமஸ் போர்ட்ரெய்ட்’ சிடியில் ‘ஸ்பெஷல் எடிஷன்’ என்று போட்டிருந்தால் அது 1978ஆம் ஆண்டு ஆல்பம் அப்படியே அல்ல, கேரன் இறந்த பிறகு வந்த ‘ஆன் ஓல்டு ஃபேஷன்டு கிறிஸ்துமஸ்’ ஆல்பத்திலிருந்தும் பாடல்களைக் கலந்தது. இரண்டு ஆல்பங்களும் தனித்தனியாக வேண்டுமென்றால் ‘கிறிஸ்துமஸ் கலெக்ஷன்’ என்ற இரட்டைத் தட்டைத் தேடுங்கள்.